மாலை போட்ட படம்

கரும்பு வெட்டும் கொடுவாளால் என் அண்ணன் தன் வீட்டு அறைக்கதவைக் கொத்திக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஒரே மகள், கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவள். இந்தப் பக்கம் அவர் காலைக் கட்டிக்கொண்டு அண்ணி தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தாள். நான் அவர் தங்கச்சி, நாமக்கல்லில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். அண்ணி போனில் அலறியதும் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, மோகனூருக்கு வண்டியை விரட்டி வந்த நான் பார்த்தது இதைத்தான்.

"என்னங்கண்ணா பண்றீங்க? பைத்தியமா புடிச்சிருக்குது?"

தன் போனை என் மேல் விட்டெறிந்தார். நெற்றியில் பட்டுக் கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். வாட்ஸப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம். ஏதோ ஒரு கோயில் வாசல். கழுத்தில் மாலையும் தாலியுமாக எங்கள் பெண். பக்கத்தில் நாங்கள் பார்த்தேயிராத ஒரு பையன்.

"எவனையோ கட்டிட்டு வந்து என் சோத்தயே திங்கறா! வெட்டிப் போட்டுட்டு செயிலுக்குப் போறேன். தள்ளு புள்ள!"

சும்மா மிரட்டுகிறார் என்று நான் நினைக்கவில்லை. வெட்டுவேன் என்று சொல்லி வெட்டியவர்களை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது. அவள் குத்தியிருப்பது வலப்பக்கம். அவள் ஸ்டேட்டஸில் போட்ட, இடம் வலம் மாறி விழுந்த செல்ஃபியை எவனோ ஒரு நாதாரி எடுத்து, ஏஐயில் கொடுத்துக் கல்யாணம் பண்ணிவைத்திருக்கிறான்.

"அண்ணா, இது ஏஐயில செஞ்ச படமுங்க. மூக்குத்தியப் பாருங்க!"

"படம் பொய் சொல்லுமா?"

கொடுவாளை ஓங்கி வீசினார். கையை நீட்டிவிட்டேன். முனை என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போய்க் கதவுச் சட்டத்தில் இறங்கியது. உள்ளேயிருந்து பெண் கத்தினாள்.

"அத்தை, நான் யாரையும் கட்டிக்கலைங்க! எவனோ அந்தப் படத்தச் செஞ்சு அனுப்பிப் பணம் கேட்டு மெரட்டுனான். குடுக்கலைன்னா அப்பாவுக்கு அனுப்பிருவேன்னான்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கென்னடி கேடு?"

"சொன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்னு... அவனை விட அப்பாவுக்குத்தான் பயந்தேனுங்க."

அண்ணன் காதில் இதெல்லாம் ஏறவில்லை. சட்டத்தில் இறுகிய கொடுவாளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கும் ஆத்திரம் தலைக்கேறியது. இரு, உனக்கு வைக்கிறேன் என்று என் போனை எடுத்தேன். கோயில் நோம்பித் திருவிழாவுக்கு பிளக்ஸ் அடித்தபோது எடுத்த அவர் படம் அதில் இருந்தது. ரத்தம் பட்டுத் திரை வழுக்கியது. சேலையில் துடைத்துத் துடைத்துத் தட்டினேன். ஏஐயில் கொடுத்துப் படம் செய்வது கடையில் தினமும் செய்கிற வேலைதான். அவர் கொடுவாளைப் பிடுங்கித் திரும்பியபோது படத்தை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

பட்டு வேட்டியும் மாலையுமாக என் அண்ணன். பக்கத்தில் மணக்கோலத்தில், அவர் மகள் வயசில் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கண்ணா, இவ யாருங்க? அண்ணிக்குத் தெரியுமா?"

"அட... நான் எங்க... இவள எனக்குத் தெரியவே தெரியாது!"

"படம் பொய் சொல்லுமா? ஊர் குரூப்புல போடறேன் இருங்க. உங்க மச்சானுங்க கொடுவாளோட வரட்டும்!"

அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விடவில்லை.

"கல்யாணத்துக்கும் நான்தான் பிளக்ஸ் அடிக்கறேன், எழவுக்கும் நான்தான் அடிக்கறேன். உங்க மக படத்துக்கு எந்த மாலையப் போடச் சொல்றீங்க? சொல்லுங்க!"

கொடுவாள் கீழே விழுந்தது. அப்படியே கதவோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதார். "சாமி, கதவத் தொற சாமி. அப்பனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"அப்பா, அந்தப் படம் நெசமா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் வெட்டுப்பட்ட சட்டத்தைப் பார்த்தார். கீழே கிடந்த கொடுவாளைக் காலால் தள்ளிவிட்டார்.

அன்றைக்கே அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கையில் தையல் போட்டதும் நேராக சைபர் கிரைம் போலீசுக்குப் போனோம். அந்த நாதாரி அனுப்பியதில் ஒன்றைக்கூட அழிக்காமல் கொடுத்தோம். அவனை இன்னும் பிடிக்கவில்லை. கடைக்கு வருகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: எவன் மெரட்டினாலும் பணம் குடுக்காதே, வந்ததை அழிக்காதே, ஊட்டுல சொல்லப் பயமா இருந்தா எங்கிட்ட வா.

அண்ணன் வாராவாரம் ஒரு பை கடலையோடு கடைக்கு வருகிறார். "சாமி, ஊட்டுக்குப் போலாம் வா" என்கிறார்.

"அன்னைக்குக் கதவுக்கு உள்ள இருந்து நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா, வாரேன்" என்கிறாள் அவள்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு மோகனூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுகிறார்.