எங்கள் முகவரிக்கு இன்னொருவரும் விலை கேட்டார்

ஆடி மாதத்து ஹைதராபாத் எனக்கு எப்போதும் பாதித் தூக்கத்தில்தான் நினைவுக்கு வரும். பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத தூறல். நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சம். காலையா மாலையா என்பதைக் கடிகாரத்தைக் கேட்டால்தான் உண்டு. ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தால், ஈரச் சாலையில் பஸ்கள் போகும் சத்தம் கீழேயிருந்து வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு ஆடியில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்து வலைத்தளத்தின் முகவரி கைவிட்டுப் போனது. கூத்து என்னவென்றால், அதைத் தொலைத்தது பஞ்சாங்கம்.

அந்தத் தளத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை தருவார்கள்? வாடகைக்கு வீடு, வரன், புரோகிதர் போன் நம்பர், பொங்கல் விழாப் படங்கள், பெண்கள் எழுதும் சமையல் பக்கங்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: வலைத்தளத்தின் பெயர் நமக்குச் சொந்தமில்லை. வருடா வருடம் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டாவிட்டால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், பிறகு வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள்.

அந்த வருடம் பழைய கம்பெனி விலையை ஏற்றியது. வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கமிட்டி என்றால் பெரிய தொழிற்சாலையில் காலமெல்லாம் எலெக்ட்ரானிக் கருவிகள் செய்து ஓய்வு பெற்ற இன்ஜினீயர்கள். மின்சாரம் எந்தக் கம்பியில் எப்படி ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்களில் பொருளாளர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுக் கையை உயர்த்தினார்.

"ஆடியிலே யாராவது குடி மாறுவாளா? ஆவணி பொறக்கட்டும். நல்ல நாள் பார்த்து மாத்திண்டுடலாம்."

"சார், இது வீடு இல்ல. கெடு முடிஞ்சுபோச்சு. சும்மா பணத்தக் கட்டிட்டு, ஆவணியில மெதுவா மாறலாமே?"

"ரெண்டு எடத்துல எதுக்கும்மா பணம் கட்டணும்? ஒரு மாசத்துல ஒண்ணும் ஆயிடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதற்கெல்லாம் தோதான வார்த்தைகள் இருக்கின்றன, சபையில் சொல்ல முடியாது.

ஆவணி பிறந்தது. பொருளாளர் குறித்துக் கொடுத்த வளர்பிறை முகூர்த்தத்தில் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு முகவரியைத் தட்டினேன். எங்கள் கோலமும் குத்துவிளக்கும் வரவேண்டிய இடத்தில் ரம்மி விளையாடக் கூப்பிடும் விளம்பரமும் உடனடிக் கடன் விளம்பரமும் மினுங்கின. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்தப் பெயர் விற்பனைக்கு. அதன் கீழே ஒரு பெட்டி. நீங்கள் தரும் விலை, உங்கள் மின்னஞ்சல், சொல்ல விரும்புவது. இது கனவாக இருக்கும் என்று நினைத்து மூடித் திறந்து பார்த்தேன். ரம்மிதான் வந்தது.

மகள் கச்சிபௌலியில் ஐ.டி. வேலை பார்க்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன்.

"இவங்க ஸ்க்வாட்டர்ஸ்மா. கெடு முடிஞ்ச பேரெல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டு, டபுளா ட்ரிபிளா விப்பாங்க. லைட் தீஸ்கோ, விட்டுத் தள்ளும்மா! வேற பேர் வாங்கிடலாம்."

ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் உண்டல்லவா, அந்தக் கூட்டம். துண்டு போட்டவரிடம் எழுதி விலை கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. அந்தத் தொகைக்கு எங்கள் பொங்கல் விழாவைச் சாப்பாட்டோடு பலமுறை நடத்திவிடலாம். கமிட்டியில் அதைக் காட்டினேன். பொருளாளர், "கலி காலம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

பழைய பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்துப் புது முகவரி வாங்கினோம். பக்கங்கள் எல்லாம் எங்கள் கையில் பத்திரமாக இருந்ததால் அப்படியே ஏற்றிவிட்டேன். வாட்ஸாப் குழுக்களில் செய்தி பறந்தது. அன்று மாலைக்குள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கொண்டாப்பூர்வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காரியம் முடிந்தது என்று காபியோடு உட்கார்ந்தேன். அப்போதுதான் மேல் வீட்டு அக்கா இறங்கி வந்தார்.

அக்கா கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பல வயது மூத்தவர், கணவரை இழந்தவர். தனியாக இருந்தாலும் வீடு எப்போதும் பலகார வாசனையில் இருக்கும். எங்கள் தளத்தில் கொங்குப் பலகாரங்களை எழுதியது அவர்தான். கதவருகிலேயே நின்றார்.

"எல்லாத்துக்கும் சொல்லீட்டீங்க, சரி கண்ணு. என்ற தம்பிக்கு ஆரு சொல்றது?"

காபியைக் கீழே வைத்தேன். ஊருக்கே செய்தி போயிருந்தது. அந்த ஒரு மனிதனுக்குச் சொல்ல வழியே இல்லை.

அவர் தம்பி இளவயதில் அப்பாவோடு வார்த்தை தடித்து வீட்டை விட்டுப் போனவர். அப்பா இறந்தபோதும் வரவில்லை. எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், ஒன்றும் தெரியாது. ஆனால் அக்காவின் கச்சாயப் பக்கத்துக்குக் கீழே ஒரு தீபாவளி அன்று யாரோ எழுதியிருந்தார்கள்: "இங்கே கடைசி ரெண்டை ஒளித்துவைக்க ரேடியோ இல்லை." அரிசியும் வெல்லமும் போட்டுச் சுடும் கச்சாயத்தில் கடைசி இரண்டை அப்பா கண்ணில் படாமல் ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அக்கா அதைப் படித்துவிட்டு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

கீழே பதில் எழுதினார்: எங்கே இருக்கிறாய், வா. அடுத்த தீபாவளிக்கு ஒரு வரியும் வரவில்லை. பயந்துபோன அக்கா தன் பதிலை அழிக்கச் சொன்னார். அதற்கடுத்த தீபாவளிக்கு, "இந்த முறை உடைந்துவிட்டது" என்று வந்தது. அக்கா கெட்டிக்காரர். "எண்ணெய் ரொம்பக் காய்ந்தால் உடையும். தீயைக் குறை" என்று மட்டும் எழுதினார். மறு வருடம், "குறைத்தேன். உடையவில்லை" என்று வந்தது. அதன் பிறகு அக்காவும் தம்பியும் வருடத்துக்கு ஒருமுறை கச்சாயம் மட்டுமே பேசினார்கள். எங்கள் தளத்தில் எழுதப் பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். பெரியவர்கள் மிரள்கிறார்கள் என்று நாங்களே எடுத்துவிட்டிருந்தோம். அதனால் அவரைத் தேடிப் பிடிக்கவும் முடியாது.

அவருக்குத் தெரிந்த ஒரே வாசல் அந்தப் பழைய முகவரி. ஐப்பசியில் தீபாவளி.

"ரம்மிப் படத்தப் பாத்துப்போட்டு, அக்காளும் போய்ச் சேந்துட்டான்னு நெனச்சுக்குவான் கண்ணு," என்றார்.

அதற்குப் பிறகு புரட்டாசி முழுவதும் நான் ஒருவிதக் கிறக்கத்திலேயே திரிந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் செருகும்போது, ஆகாயத்தில் ஒரு கதவு மட்டும் நிற்பது தெரியும். சுவர் இல்லை, வீடு இல்லை. நாங்கள் வேறெங்கோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, ஒரு ஆள் கையில் பலகாரத் தூக்கோடு அதைத் தட்டிக்கொண்டிருப்பார். காய்கறி வாங்கப் போனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நரைத்த ஆண்களை எல்லாம் உற்றுப் பார்ப்பேன். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ? ஒருத்தர் சங்கடப்பட்டு, "க்யா ஹோனா, அம்மா?" என்று, என்ன வேண்டும் எனக் கேட்டே விட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

துண்டு போட்டவருக்கு மறுபடி எழுதினேன். பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் புது முகவரியை மட்டும் ஒரு வரி அங்கே போடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்றார். அக்கா தன் சேமிப்பிலிருந்து தருவதாகச் சொன்ன தொகையை எழுதினேன். போதாது என்றார். கொஞ்சம் ஏற்றினேன். பதிலே இல்லை. சவத்துப் பய, நாசமாய்ப் போக என்று மடிக்கணினியைப் பார்த்துத் திட்டினேன்.

தீபாவளி நெருங்கியபோது அவரே எழுதினார். வேறொருவர் இதே பெயருக்கு அக்கறையாக விலை சொல்லியிருக்கிறார், நீங்கள் சொன்னதைவிட அதிகம், வேண்டுமானால் அதற்கு மேல் சொல்லுங்கள்.

எனக்கா தெரியாது இந்த வித்தை? ரைத்து பஜாரில் தக்காளிக்குப் பேரம் பேசினால், "இப்புடே ஒக்க அம்மா இதே ரேட்டுக்கு தீஸ்கெள்ளிந்தி", இப்போதுதான் ஒரு அம்மா இதே விலைக்கு வாங்கிப் போனார் என்று அளந்துவிடுவார்களே, அதேதான். ஹைதராபாத்தில் ஒரு மூலையில் இருக்கிற தமிழ்ச் சங்கத்தின் பெயர் வேறு எவனுக்கு வேண்டும்? அப்படி ஒரு ஆள் இருந்தால் காட்டு பார்க்கலாம் என்று சூடாக எழுதினேன்.

காட்டிவிட்டார். அந்த ஆள் நிரப்பிய பெட்டியை அப்படியே எனக்கு அனுப்பினார். மேலே தொகை. எங்கள் தொகையைவிட அதிகம்தான். அதன் கீழே, சொல்ல விரும்புவது என்ற இடத்தில் தமிழ். துண்டு போட்டவருக்குத் தமிழ் தெரியாது. எண்ணை மட்டும் படித்திருக்கிறார்.

"ஐயா, இது எங்க அக்கா எழுதற இடமுங்க. தீயைக் குறைக்கச் சொன்னது இங்கதானுங்க. இதை வேற ஆருக்கும் குடுத்துறாதீங்க. பத்தலைன்னா சொல்லுங்க, பொரட்டித் தர்றேன்."

படித்ததும் மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டேன். செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். முதலில் அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"கிறுக்கன்! எடுத்த எடுப்புல முழு வெலையவும் சொல்றான் பாரு. ஏவாரிக்குப் பொறந்துட்டு இன்னும் பேரம் பேசத் தெரியல." பிறகுதான் அழுதார். அக்காவும் தம்பியும் ஒரே வாசலுக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

எங்கள் பெட்டி கேட்காததை அந்தப் பெட்டி கேட்டிருந்தது. தமிழுக்குக் கீழே அவருடைய மின்னஞ்சல் இருந்தது. அது அவர்கள் அப்பாவின் பெயரில் தொடங்கியது. அக்கா அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"வரச் சொல்லுங்கக்கா," என்றேன்.

"வான்னா ஓடீருவான். எனக்குத் தெரியும்."

யோசித்து யோசித்து அவரே தட்டினார்: "அதை வாங்காதே. நாங்கள் இடம் மாறிவிட்டோம். புது முகவரி கீழே." அதன் கீழே எங்கள் அடுக்ககத்தின் பெயரையும் தெருவையும் தன் கதவு எண்ணையும் போட்டார். நான் துண்டு போட்டவருக்கு ஒரு நன்றி எழுதினேன். இனி விலை வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

தம்பியிடமிருந்து பதில் வரவில்லை. அக்கா கேட்கவும் இல்லை, நானும் பேச்செடுக்கவில்லை. மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் சோபாவில் கண்ணயர்ந்திருந்தேன். வெல்லமும் எண்ணெயும் கலந்த வாசனை மாடிப்படி வழியாக இறங்கி வந்து என் தூக்கத்துக்குள் நுழைந்தது. ஆகாயத்துக் கதவு மறுபடி வந்தது. இந்த முறை அது திறந்திருந்தது. கனவா நினைவா என்று தெரியாத அந்த நேரத்தில் மேல் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. அந்தக் கட்டடத்தில் நான் அதுவரை கேட்டிராத குரல்.

"அக்கா, தீயக் கொறை! ஒடஞ்சு போகுது பாரு!"

அந்தத் தீபாவளிக்குக் கச்சாயப் பக்கத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை.