வேதத்தில் இல்லாத வசனம்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. இப்போது தஞ்சாவூரில் ஒரு பெயிண்டர் கடையில் பெயர்ப்பலகை எழுதுகிறேன். ஒரு பலகைக்கு நாலு வார்த்தைக்கு மேல் யாரும் கேட்பதில்லை. அதற்கு மேல் எழுதினால் எனக்குக் கை வலிக்கிறது, பொய்யும் வந்துவிடுகிறது.

ஊரிலிருந்து என் கூட்டாளி போட்ட கார்டு வராமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். ‘அக்கா ஓட்டு வீடு கட்டிட்டாங்க. நிலைக்கு மேல அந்த வசனத்த நீதான் பெயிண்ட்ல எழுதணுமாம். பண்டிகைக்கு வர்றப்ப பிரஷ்ஷோட வா. கீழ எந்தப் புஸ்தகம், எத்தனாவது அதிகாரம்னும் போடணுமாம். அது உனக்குத் தெரியும்னு சொன்னாங்க.’

எனக்குத் தெரியும். அது எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. கோயில் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே நான் எழுதினது அது. அக்கா அதைக் கர்த்தருடைய வாக்கு என்று நம்பினார், இன்றைக்கும் நம்புகிறார். இனி நான் அதை அழியாத பெயிண்டில் அவர் வாசலுக்கு மேலே எழுத வேண்டும். இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தெருவின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி, இரண்டு குடிசைகள் நடுவில் ஒரே சுவரோடு நின்றன. ஒன்றில் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். இன்னொன்றில் பிள்ளை இல்லாத ஒரு மாமாவும் அத்தையும். அக்காவின் வீட்டுக்காரர், நான் அந்த வசனத்தை எழுதுவதற்கு முந்தின அறுப்பில் கூலி கூட்டிக் கேட்டவர்களுக்கு முன்னால் நின்றவர். அறுப்பு முடிந்த வாரத்தில் மதகுக்குக் கீழே தண்ணீரில் கிடந்தார். வழுக்கி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மதகிலிருந்து குதித்துக் குளித்தவர் அவர்.

இரண்டு மனைகளும் பண்ணையின் பேரில் இருந்தன. ஆட்சியில் எங்கள் கட்சி. குடியிருக்கிறவனுக்கே மனை என்று நாலு ஊர்ச் சுவர்களில் ஆளுயர எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன். சட்டமும் வந்துவிட்டது என்றார்கள். திருத்துறைப்பூண்டி வரைக்கும் வந்திருக்கலாம். அங்கிருந்து எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது.

பண்ணையின் காரியக்காரர் குடையும் கையுமாக வந்து, பொங்கலுக்குள் இரண்டு வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே களம் போட வேண்டுமாம். அக்காவுக்குத் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு அண்ணன் இருந்தார். வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் பொழுது சாய்ந்தபின் கூட்டமாகப் போகக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது. கிறிஸ்துமஸ் பஜனையைப் பட்டப்பகலில் நடத்தினோம். கூட்டாளி மேளம் அடித்தான். நான் தாத்தா முகமூடியும் பஞ்சுத் தாடியும் கட்டிக்கொண்டு வெயிலில் ஆடினேன். கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களுக்குக் கைதட்டிவிட்டு, மறுநாள் பஜனையில் ஆடுகிறவன் நான். எங்கே சத்தமோ அங்கே நான்.

அக்காவின் வாசலில் நின்று, “என்னக்கா, தாத்தாவுக்கு ஒண்ணும் கிடையாதா?” என்றேன்.

“தாத்தா தாடியெல்லாம் ஒழுகுது. மொதல்ல அவருக்கு ஒரு துண்டக் குடுங்கடா.”

வீட்டுக்காரர் போன பிறகு அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதனால்தான் அடுத்த வாரம் அவரை மறுபடி சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

எங்கள் சபையில் வருடப் பிறப்பன்று வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். தட்டில் வேத வசனங்கள் எழுதின சீட்டுகள் இருக்கும். ஆளுக்கு ஒன்று. கையில் எது வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக்குக் கர்த்தர் அவருக்குச் சொன்ன வார்த்தை. அந்த வருடம் அச்சடித்த சீட்டு வந்து சேரவில்லை. உபதேசியார் என்னைப் பிடித்தார்.

“உன் கையெழுத்தாவது கோயிலுக்கு வரட்டும். ஆளுதான் வர்றதில்ல.”

பழைய காலண்டரை வெட்டி, அவர் குறித்துக் கொடுத்த வசனங்களைப் பின்பக்கத்தில் எழுதினேன். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. கூட்டாளி ஞாபகம் வந்தது. உட்கார்ந்த இடத்தில் வேர் விடுகிறவன் அவன். அவனுக்கென்று ஒரு வசனத்தை வேதத்தின் நடையிலேயே சமைத்தேன்: ‘எழும்பாதே. உன் வாசலில் உட்கார்ந்திரு. எவன் வந்து சொன்னாலும் அசையாதே.’ மூலையை மடித்துவிட்டு, அவனிடம் போய், “மூலை மடிஞ்சத எடு, நல்ல வசனம்” என்றும் சொல்லி வைத்தேன்.

ஆராதனை அந்த முறை காலையில் நடந்தது. தட்டு முதலில் பெண்கள் பக்கம் போகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

முடிந்து வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சீட்டை நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மூலை மடிந்திருந்தது.

அந்த இடத்தில் நான் வேறு எதையாவது படித்திருக்கலாம். அத்தனை வசனம் எழுதின கை. நாலு வசனமாவது மனதில் நின்றிருக்கும். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். எழுதினதை எழுதினபடியே படித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ படி தம்பி” என்றார். படித்தேன். சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “ஸ்தோத்திரம்” என்றார். எனக்கே கேட்காத குரல்.

உபதேசியார் வீட்டம்மா பின்னால் வந்து என்னிடம் சொன்னார். “நாளைக்கு அண்ணன் வீட்டுக்குக் கெளம்பறதா இருந்தா. இருக்கணுமா போகணுமான்னு ஒரு மாசமா ஜெபத்துல வச்சிருந்தா. சீட்டுல வர்றதுதான் பதில்னு எங்கிட்ட சொன்னா. இப்பப் போயி மூட்டைய அவுத்துட்டா பாரு.”

எனக்குக் காதுக்குள் தண்ணீர் போன மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யார் பேசினாலும் தூரத்தில் கேட்டது.

கூலித் தகராறில் குடிசைகளை ஆளோடு கொளுத்தின காலம் அது. வெந்நீர் அடுப்பில் யாராவது வைக்கோலைப் போட்டாலும் எனக்கு அந்தப் புகை அக்காவின் கூரையிலிருந்து வருவதாகத் தெரியும். எழுந்து பார்ப்பேன். நான் எழுதின மூன்று வரியும் எங்கே போனாலும் கூடவே வந்தன. மதகைத் தாண்டும்போது வந்தன, சோற்றில் கை வைக்கும்போது வந்தன. என் குரலிலும் இல்லை, அக்காவின் குரலிலும் இல்லை. தண்ணீரில் கிடந்தவர் படிப்பது மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் சொல்லிவிடலாம் என்று போனேன். அக்கா பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தச் சீட்டு…”

“நீ எழுதுனதுதானே? உபதேசியார் சொன்னாரு.”

அக்கா சீப்பில் சிக்கின முடியை எடுத்துப் போட்டார்.

“எல்லாச் சீட்டும் நீதான் எழுதுனியாமே. அந்தக் கை நல்லா இருக்கணும் தம்பி.”

பக்கத்து வீட்டு மாமா வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டே, “கை நல்லாத்தான் இருக்கு, வாய்தான் வெளங்கல” என்றார். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லவில்லை.

சொல்ல முடியாதவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அன்றிலிருந்து தினம் விடியற்காலையில் போய் அக்காவின் வாசலில் உட்கார்ந்தேன். அறுப்புக்கு ஆள் இறக்குகிற நேரம் அது. வீட்டைப் பிரிக்க வந்தால் அப்போதுதான் வருவார்கள். பனி தலையில் இறங்கும். எதிரே கதிர் சாய்ந்த சம்பா வயல். அங்கேதான் முதல் முறையாக ஜெபம் பண்ணினேன். எனக்கு முறை தெரியாது. “நான் எழுதினத நீ எழுதினதா வச்சிக்க” என்றேன். அவ்வளவுதான். தினமும் அதையே சொன்னேன். நாலைந்து நாளில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. பயம் குறையவில்லை. ஆனால் பயத்தில் நான் தனியாக இல்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது வந்தார்கள். டிராக்டர் டிரெய்லரில் வெளியூர் ஆட்கள், கடப்பாரை, முன்னால் காரியக்காரர். அக்கா பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

“எந்திரிம்மா. சொன்ன கெடு முடியப் போவுது.”

“எந்திரிக்க வேண்டாம்னு உத்தரவு வந்திருக்குங்க.”

“யாரு, கலெக்டரா?”

“அவருக்கும் மேலங்க.”

“காட்டு.”

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். காரியக்காரர் படித்தார். நிமிர்ந்து தெருப்பக்கம் தெரிந்த பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தார். அதில் தேர்தலுக்கு நான் எழுதினது இன்னும் அழியாமல் இருந்தது. அதே சுழி, அதே வளைவு. பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “கட்சிலேர்ந்து குடுத்ததா?” என்றார்.

உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுங்கட்சி ஒரு கைம்பெண் பக்கம் நிற்கிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். சீட்டைப் பதமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

நான் அங்கேயே முடித்திருந்தால் இது பண்டிகைக்குச் சொல்லுகிற நல்ல சாட்சியாக இருந்திருக்கும்.

காரியக்காரர் குடையைப் பக்கத்து வாசல் பக்கம் நீட்டினார். “இவங்ககிட்டயும் உத்தரவு இருக்கா?”

மாமாவும் அத்தையும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சீட்டு வந்திருந்தது. உண்மையான வசனம், என் கையெழுத்து. உள்ளே வேதப் புஸ்தகத்துக்குள் இருந்தது. மாமாவுக்கு அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ‘அவங்களுக்கும் இருக்குங்க’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்த ஆள் இரண்டு சீட்டையும் வைத்துப் பார்ப்பார், இது கோயில் சீட்டு என்று தெரிந்துவிடும், அக்காவையும் கிளப்புவார். அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்தேனா, இல்லை பயந்தேனா என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

கூரையில் கை வைத்ததும் அக்கா எழுந்திருக்கப் போனார். பாதி எழுந்தவர் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுதார், கத்தினார், “அவங்கள விடுங்க” என்று கும்பிட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் எழுதினது அவரைப் பிடித்து வைத்திருந்தது. என்னையும்தான். கால்மணி நேரத்தில் அந்த வீடு இல்லை. பொதுச் சுவர் மட்டும் நின்றது, அந்தப் பக்கம் மாடத்தில் சிமினி விளக்கோடு.

மாமாவையும் அத்தையையும் டிரெய்லரிலேயே ஏற்றினார்கள். மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். கேலி பண்ணுகிற கண் அது. அன்றைக்கு அதில் ஒன்றுமே இல்லை. பின்னால், அதிராம்பட்டினம் பக்கம் உப்பளத்தில் அவர்களைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஆள் அனுப்பித் தேடினோம். கிடைக்கவில்லை.

அந்த வருடமே அக்காவின் மனைக்குப் பட்டா வந்தது. நானும் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். கூட்டாளிகள் கிண்டல் பண்ணினார்கள், நான் அவர்களுக்கு மேல் என்னையே கிண்டல் பண்ணிக்கொண்டேன். நல்லவனாகிவிட்டேன் என்று போகவில்லை. என் கிறுக்கலைக் கொண்டு ஒரு வீட்டைக் காப்பாற்றினவர், அடுத்த வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு இடம் வேண்டியிருந்தது. பதில் வரவில்லை. கேட்கக் கேட்க, கேட்கிறவனைத் தள்ளிவிடாத ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது மட்டும் நிச்சயமானது. என் விசுவாசம் அவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னால் உபதேசியார் மாதிரி பேசுகிறேன் என்று அர்த்தம்.

அடுத்த பண்டிகைக்கு அக்கா காகித நட்சத்திரத்தைத் தன் வாசலில் கட்டவில்லை. காலி மனையின் நடுவில் மூங்கில் நடச் சொன்னார். குழி நான்தான் தோண்டினேன்.

“இங்க எதுக்குக்கா?”

“அவங்க திரும்பி வந்தா எடம் அடையாளம் தெரிய வேண்டாமா?”

பஜனை அந்தக் காலி மனைக்கு முன்னாலும் நின்றது. யாரும் சொல்லவில்லை, மேளம் தானாக நின்றது. மற்ற வீட்டுக்கு எவ்வளவு பாடினோமோ அவ்வளவும் பாடினோம். அக்கா அதிரசத் தட்டைக் கொண்டுவந்து அந்த மண்ணில் நின்றே எல்லாருக்கும் கொடுத்தார். தேவன் எனக்கு ஒரு வார்த்தை கொடுத்தார், அதற்கு நன்றி என்றார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பார்க்கிற மாதிரியும் இருந்தது. இப்போதும் எனக்குப் பண்டிகை அந்த இரண்டும் சேர்ந்துதான் வருகிறது. ஒன்றை விட்டு ஒன்று வருவதில்லை.

இப்போது அந்த வார்த்தையைத்தான் நிலைக்கு மேலே எழுதச் சொல்கிறார். அந்த நிலை காலி மனையைப் பார்த்த பக்கம் இருக்கிறது.

இதுவரைக்கும் எழுதி, கவரில் போட்டுக் கூட்டாளிக்கு அனுப்பினேன். ‘அக்காவை உட்கார வைத்து முழுசும் படித்துக் காட்டு. அந்த வசனம் என்னுடையது என்கிற இடத்தையும் விடாதே, பக்கத்து வீட்டுக்கு நான் வாய் திறக்காத இடத்தையும் விடாதே. கேட்டபிறகும் எழுதச் சொன்னால் வருகிறேன்’ என்று மேலே குறித்திருந்தேன்.

நாலாம் நாள் கார்டு வந்தது. நலம், நலமறிய என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரி.

‘நான் படிச்சுக் காட்ட மாட்டேன்டா, பஸ் ஏறி வந்து நீயே படி.’