மூச்சக்கா கைவிட்ட பெயர்

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் கதவு மூடினால் கண்ணையும் மூடிக்கொள்வாள். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போவாள். ஆனால் ஓர் ஆக்சிஜன் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டால் ஆளே மாறிவிடுவாள். மோட்டார் எங்கே முனகுகிறது, எந்தக் குழாய் கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவாள். நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடப்பவர்களுக்கு அந்த மெஷின்களை வாடகைக்குக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் எங்கள் பிழைப்பு. நான் வேன் ஓட்டுவேன், கனமானதைத் தூக்குவேன், நடுநடுவே அவளைத் திட்டுவேன். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் மூச்சக்கா. இணையத்தில் எங்கள் முகவரியும் அந்தப் பெயரில்தான் இருந்தது.

ஒரு சமயம் யாரோ எங்கள் பெயரைச் சொல்லி மட்டமான ஃபில்டர்களை விற்றுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினிலும் அக்கா ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள். அதில் இணைய முகவரி மட்டும் இருக்கும். வீட்டுக்கு வீடு ஒரே பாட்டு.

"யார் வந்து நின்னாலும் நம்பாதீங்க. முகத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. இந்த அட்ரஸைத் திறந்து பாருங்க. அதுல என்ன போட்டிருக்கோ அதுதான் நிஜம்."

அப்புறம்தான் அந்த மசோதா வந்தது. இன்னும் சட்டமாகவில்லை, மக்கள் கருத்தைக் கேட்டு வெளியிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு கம்பெனி பதிந்து வைத்திருக்கும் வணிகப் பெயரைப் போன்ற இணைய முகவரியை வேறு யாராவது வைத்திருந்தால், போலிப் பக்கம் காட்டி ஆட்களை ஏமாற்றத்தான் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளப்படுமாம். இல்லையென்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தவறினால் சிறை. காற்றைச் சுத்தம் செய்யும் கருவி விற்கிற பெரிய கம்பெனி ஒன்று 'மூச்சு' என்ற பெயரை எப்போதோ பதிந்து வைத்திருந்தது.

செய்தியைப் படித்த அக்காவுக்குப் பேயறைந்த முகம்.

"நம்மள உள்ள தூக்கிப் போட்டுடுவாங்கடி."

"இன்னும் சட்டமே வரலை. நீ என்ன திருடியா?"

"திருடி இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது, சொல்லு."

வக்கீலைப் பார்ப்போம் என்றேன். அவளுக்கு வக்கீல் என்றாலும் பயம். அதன்பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவாள். ஒருநாள் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டாள். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"இணையத்துல அந்தப் பேருக்கு வருஷப் பணம் கட்டாம, புதுப்பிக்காம விட்டுட்டேன். கெடு போன வாரமே முடிஞ்சு போச்சு. நம்ம பேர்லயே இல்லைன்னா நம்மள யார் கேக்க முடியும்?"

"ஸ்டிக்கர்?"

"சர்வீசுக்குப் போறப்ப ஒண்ணொண்ணா மாத்திடலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவள் சாப்பிடுகிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு பெயரை விட்டால் அது சும்மா கிடக்கும் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு பெண் தன்னிடம் முன்பே இருந்த அக்காவின் நம்பருக்குப் போன் செய்தாள். அவளுடைய அம்மா எங்கள் மெஷினில் இருப்பவர்.

"அக்கா, உங்க ஆள் காலைல வந்து மெஷினை எடுத்துட்டுப் போனாரே, புதுசு எப்ப வரும்? அம்மா சிலிண்டர்ல இருக்காங்க. அதுவும் தீரப் போகுது."

நாங்கள் யாரையும் அனுப்பவில்லை. பதறிப்போய் எங்கள் முகவரியைத் திறந்து பார்த்தேன். பக்கம் அப்படியே இருந்தது. அக்காவின் படம், அவள் எழுதிய அதே வரிகள். போன் நம்பர் மட்டும் வேறு. மேலே சிவப்பில் ஓர் அறிவிப்பு: பழைய மெஷின்களில் கோளாறு, எங்கள் ஆள் வந்து மாற்றித் தருவார். நாங்கள் விட்ட பெயரை யாரோ எடுத்துக்கொண்டு எங்கள் மெஷின்களைத் திருடுகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு மெஷினைப் பூட்டிவிட்டு, போலீஸில் சொல்லிவிட்டு, வேனிலிருந்தே ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டோம். பலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் சிலர் எங்களைத்தான் திட்டினார்கள். டிரைவரையா என்று நாங்கள் கூப்பிடும் நோயாளி போனையே அணைத்து வைத்திருந்தார். பஸ் ஓட்டியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர் அவர். மகள் வேலைக்குப் போனால் வீட்டில் தனி ஆள், மெஷின் நின்றால் கொஞ்ச நேரம்கூடத் தாங்க மாட்டார். வேனை அங்கே விட்டேன்.

மாடியில் அவர் கதவுக்கு வெளியிலேயே மெஷினின் அலாரம் கேட்டது. கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது.

"ஐயா, நான்தான். திறங்க," என்றாள் அக்கா.

"முகம் தெரியுதும்மா." அவருக்கு மூச்சு இரைத்தது. "ஆனா கம்பெனி கை மாறிடுச்சாமே, உன்னை வெளியே அனுப்பிட்டாங்களாமே. அட்ரஸைப் பார்த்துத்தான் போன் பண்ணேன். நீ வந்தா திறக்கக் கூடாது, போனையும் அணைச்சு வைக்கணும்னு சொன்னாங்க. அவங்க ஆள் வந்துட்டிருக்காம்."

"ஐயா, அது போலி!"

"முகத்தைப் பார்த்து ஏமாறாதீங்கன்னு நீதானே சொன்ன?"

அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா கதவின் இடைவெளியில் வாயை வைத்து மெதுவாகப் பேசினாள்.

"சரி, திறக்க வேண்டாம். மெஷின் பின்னாடி கறுப்பு மூடி இருக்கு பாருங்க. அதைக் கழட்டுங்க. உள்ள பஞ்சு மாதிரி இருக்கும், தூசி அடைச்சிருக்கும். உதறிட்டுத் திரும்பப் போடுங்க. அவசரமே இல்லை."

அவசரம் இல்லை என்று சொன்னவளின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தன. உள்ளே ஏதோ விழுந்தது. இருமல் கேட்டது. அலாரம் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயா, ஒண்ணு கேளுங்க. இனிமே யார் வந்தாலும் திறக்காதீங்க. என்னையும் சேர்த்துத்தான்."

கதவு மூடியது. மகள் வரும்வரை இருக்கலாம் என்று படியில் உட்கார்ந்தோம். போனை எடுக்காத வீடுகளை மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லா வீட்டு வாசலிலும் காவல் இருக்க எங்களிடம் ஆளா இருக்கிறது?

கீழே சக்கரம் வைத்த வண்டியை ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றும் சத்தம் கேட்டது. வாட்டசாட்டமான ஆள். சட்டைப் பையின் மேல் எங்கள் பச்சை ஸ்டிக்கர். முன்பு தூக்கிப் போன மெஷினிலிருந்து உரித்திருப்பான்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா. மூச்சக்கா கம்பெனியிலேர்ந்து வர்றேன்."

லிஃப்ட்டுக்கும் நாய்க்கும் பயப்படும் என் அக்கா எழுந்து நின்றாள்.

"எந்த மூச்சக்கா?"

"நீங்க யாரும்மா அதைக் கேக்க?"

அந்தப் பெயரைச் சொல்லவே பயந்து, யார் கூப்பிட்டாலும் அப்படிக் கூப்பிடாதீங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தவள், கட்டடமே கேட்கும்படி கத்தினாள்.

"நான்தான்டா மூச்சக்கா!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவன் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினான். அக்கா அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். பல் கிட்டித்துப் போயிருந்தது. உள்ளே மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவரையா கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை.

என் போனில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள், கீழே அவர்களுடைய நம்பர்.