விளக்குக்குத் தொப்பி

எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. மண்ணெண்ணெய் டின்னைவிடக் கொஞ்சம் பெரிது, உருட்டிக்கொண்டு போக அடியில் சின்னச் சில்லுகள் வைத்தது. அறைக்குள் இருக்கும் காற்றை இழுத்து, ஒட்சிசனை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அம்மாவின் மூக்குக்கு அனுப்பும். நாள் முழுக்கப் புஸ்... புஸ்... என்று சத்தம். வந்த முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை வலித்தது. இப்போது அது நின்றால்தான் நெஞ்சு பதறுகிறது.

போன செவ்வாய்க்கிழமை பகல் நின்றுவிட்டது. கண்டிக்குப் பக்கத்தில், எங்கள் அம்பிட்டியவில், விடியற்காலையிலிருந்து விடாத மழை. எங்கேயோ மரம் முறிந்து கம்பியில் விழுந்திருக்க வேண்டும். பெட்டி ‘கீ’ என்று நீளமாகக் கத்தியது. சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் கையும் துருவலுமாக ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். இயந்திரத்தைத் தட்டுகிறவர்களைக் கண்டால் அம்மாவுக்கு ஆகாது. கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திட்டுவதற்கு மூச்சு இல்லை.

கைப்பேசியில் மின்தடை முறைப்பாட்டு எண்ணை அழுத்தினேன். ஒரு பெண்குரல் மூன்று மொழியில் நன்றி சொல்லி, என் முறைப்பாடு பதிவாகிவிட்டது என்றது. மறுபடி எடுத்தேன், மறுபடி நன்றி. கம்பளையில் கடையில் இருந்த என் வீட்டுக்காரருக்கு எடுத்தால், “அந்தச் சின்ன சிலிண்டரைத் திற, பதறாத, நான் வர்றேன்” என்றார். ஆபத்துக்கு என்று டாக்டர் வாங்கி வைக்கச் சொன்ன சிலிண்டர் அது. குழாயை மாற்றிப் பூட்டித் திறந்தேன். அதன் தலையில் ஒரு முள் இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று காட்ட. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல ஒரு தண்டனை இல்லை.

நிற்க முடியாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருக்கும் மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் தலை நரைத்தவர். அவர் வீட்டுக் கூரை நிறையச் சூரியத் தகடுகள்.

“மாஸ்டர், ஒரு வயர் இழுத்துக் குடுங்க, அம்மாவோட மிசின் நின்னுபோச்சு.”

“ஐயோ பிள்ளை, லைன்ல கரண்ட் நிண்டா இதுவும் நிண்டுபோம். அப்பிடித்தான் செய்து வச்சிருக்கினம்” என்றார். கையில் மெழுகுதிரி வைத்திருந்தார். கூரையில் அத்தனை தகடும் மழையில் நனைந்துகொண்டு சும்மா கிடந்தன.

திரும்பி வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தார். உதடு அசைந்தது. குனிந்தேன்.

“பலகைய... யாரு போட்டா?”

இது வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. விளங்கியதும் அழுகை வந்துவிட்டது.

நான் மடுல்கெல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். எட்டு வீடு ஒட்டிக்கட்டிய லயம். எங்களுடையது தொங்கல் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி வீடு. பின்னால் துண்டு நிலத்தில் போஞ்சி, லீக்ஸ், மரவள்ளி. பட்டியில் ஒரு பசு. கடையில் வாங்குவது அரிசி, உப்பு, சவுக்காரம், மண்ணெண்ணெய். இதில் மண்ணெண்ணெய்தான் அம்மாவுக்கு உறுத்தியது. மற்றதெல்லாம் வயிற்றுக்கோ உடம்புக்கோ போகிறது, இது வெறும் கரியாகிறதே என்பார். பகலெல்லாம் கொழுந்து பறிக்கிற மனுசி, வீட்டுக்கு வந்தால் டோர்ச் லைட்டைக் கழற்றுவார், ரேடியோவைக் கழற்றுவார், மணிக்கூட்டைக் கழற்றுவார். திரும்பப் பூட்டும்போது ஓரிரு ஆணி மிச்சமிருக்கும். ஆனால் ஓடும். அப்பா ஃபெக்டரியில் வேலை, இயந்திரங்களுக்கு நடுவில் நாளைக் கழிப்பவர். அவருக்கு எந்த இயந்திரத்திலும் ஆசை கிடையாது.

ஒருநாள் அம்மா பாலைக் கொடுத்துத் தேங்காய் வாங்க நாட்டுக்குப் போனார். தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தை நாங்கள் நாடு என்றுதான் சொல்வோம். பொழுதுபடும் நேரத்தில் வெறுங்கையோடு வந்தார்.

“தேங்கா எங்க?” என்றார் அப்பா.

“நாட்டுல தண்ணியில லைட்டு எரியுதுங்க!”

“சரி, தேங்கா எங்க?”

தேங்காய் வரவே இல்லை. அன்றிலிருந்து அம்மாவின் கண் எங்கள் பீலி மேல் விழுந்தது. லயத்துக்குப் பக்கத்தில் பாறையிலிருந்து கொட்டும் நீர். குளிப்பதும் துவைப்பதும் குடிப்பதும் அதில்தான். நாட்டில் தண்ணீர் லைட் செய்திருந்தவரை எல்லோரும் ‘பாஸ்’ என்று கூப்பிடுவார்கள், தச்சு வேலையும் இரும்பு வேலையும் தெரிந்தவர். அவருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சிங்களம் பாதி வரும். மீதியைக் கையால் பேசினார்கள். கம்பளையில் பழைய இரும்புக் கடையிலிருந்து, தண்ணீர் சுற்றிவிட்டால் கரண்ட் கொடுக்கும் என்று, ஒரு தண்ணீர்ப் பம்பின் மோட்டார் வந்தது. ஒரு சைக்கிள் ரிம் வந்தது. ரிம்மைச் சுற்றித் தண்ணீர் விழுந்து தள்ளுவதற்குக் கரண்டி மாதிரிக் குழிவாக ஏதாவது வேண்டும் என்று பாஸ் சொல்ல, அம்மா வேறெங்கும் தேடவில்லை. எட்டு வீட்டுக்கும் போய் அலுமினிய அகப்பைகளைக் கேட்டு வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் கொஞ்ச காலம் சோறும் குழம்பும் சிரட்டையால்தான் பரிமாறினோம்.

“லைட்டு வரட்டும் புள்ள, வெளிச்சத்துல பாத்துச் சாப்பிடுறதுக்கு அகப்பை எதுக்கு?” என்பார் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா. அவருக்கு அம்மா சொன்னால் வேதம்.

எரிந்தது. முதல் நாள் எட்டு வீட்டிலும் ஒவ்வொரு குண்டு பல்பு, சாயம் குறைந்த தேநீர் நிறத்தில். கிழவர்கள்கூட வாசலில் நின்று சிரித்தார்கள். எனக்கு அன்று வந்த பெருமை பிறகு எதற்கும் வந்ததில்லை.

இதில் ஒரு விசயம் இருந்தது. எங்கள் லைட்டுக்குச் சுவிட்ச் கிடையாது. பாஸ் போகும்போது அம்மாவிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்: “நிவன்ன எப்பா.” அணைக்கக் கூடாது. அம்மா அதை அப்படியே சிங்களத்திலேயே எட்டு வீட்டுக்கும் சொன்னார். தமிழில் சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில்கூட ஒருவருக்கொருவர் “நிவன்ன எப்பா” என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். லைட்டை நிறுத்துவதென்றால் எல்லாருக்கும் சேர்த்துத்தான். பீலியின் வாயில் ஒரு பலகையை இறக்கினால் தண்ணீர் வேறு பக்கம் திரும்பும், சக்கரம் நிற்கும். அதுதான் பலகை போடுவது. இடையில் ஒரு வீட்டில் மட்டும் பிள்ளை தூங்க வேண்டும், காய்ச்சல்காரருக்குக் கண் கூசுகிறது என்றால் ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்துப் பல்பின் மேல் கம்பியால் மாட்டுவோம். பல்பு உள்ளே எரிந்துகொண்டே இருக்கும், வீடு இருட்டாகும். இதற்குப் பெயர் தொப்பி போடுவது. “அடியே, லைட்டுக்குத் தொப்பிய போடு, தம்பி தூங்கட்டும்” என்ற குரல் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கேட்டபடி இருக்கும்.

ஏன் அணைக்கக் கூடாது என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பெரிய மனுசி.

பள்ளிக்கூடத்தில் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றி ஒரு பாடம் வந்தது. ‘தேவையற்ற மின்குமிழ்களை உடனே அணைத்துவிட வேண்டும்.’ டீச்சர் வீட்டுவேலையும் கொடுத்தார்: உங்கள் வீட்டில் மின்சாரத்தைச் சேமித்த விதத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுக. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று மாலை ஆறு மணியிருக்கும். வெளியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அம்மா பட்டியில் பால் கறந்துகொண்டிருந்தார், அப்பா ஃபெக்டரியில். வெளிச்சம் இருக்கும்போது எரியும் மின்குமிழ் தேவையற்ற மின்குமிழ்தானே? பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. கதிரையில் ஏறி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பல்பைத் திருகிக் கழற்றிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லம்மாக்காவின் குரல் கேட்டது. “ஆத்தாடி, என்னா வெளிச்சம்! கல்யாண வீடு மாதிரி இருக்கே!”

நானும் சந்தோசப்பட்டேன். பிறகு ‘பட்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ‘பட்’. எந்த வரிசையில் என்று ஞாபகமில்லை. ஒவ்வொன்று போகப் போக மற்றவை இன்னும் வெள்ளையாக எரிந்தன, அடுத்தது இன்னும் சீக்கிரம் போனது. கடைசிப் பல்பு போனபோது பீலிப் பக்கமிருந்து சக்கரம் ஊளையிட்டது. அம்மா பால் செம்பைப் போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. பலகையை இறக்குவதற்குள் மோட்டார் கருகிவிட்டது. அந்தக் கருகிய வாசனை லயம் முழுக்க வந்தது. நான் கையில் சுடுகிற பல்போடு கதிரை மேலேயே நின்றிருந்தேன். எட்டு வீட்டுப் பல்பிலும் பிழைத்தது அது ஒன்றுதான்.

“ஏன்டி புள்ள?” என்றார் அம்மா. தலை எல்லாம் நனைந்திருந்தது.

“டீச்சர்தான்... மிச்சம் புடிக்கச் சொன்னாங்க.”

அம்மா அடிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “இது மிச்சம் புடிக்கிற கரண்ட் இல்ல புள்ள. தண்ணி பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு. நாம எடுக்காதது பக்கத்து வூட்டுக்குப் போகும். அவுங்களால தாங்க ஏலாது.”

அந்த ஐந்து வாக்கியங்களை நான் எழுதினேன். டீச்சர் ‘மிக நன்று’ போட்டார்.

இனி சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி இன்னொரு சின்ன மோட்டார் இருந்தது. அது அடுப்படிக்கு. எங்கள் அடுப்படியில் ஜன்னல் கிடையாது. தேயிலைக் குச்சியும் ஈர விறகும் எரியும் புகை சுவரில் மோதித் திரும்பி மூஞ்சிக்கே வரும். சுவரில் ஓட்டை போட்டு ஒரு விசிறி பூட்டிப் புகையை வெளியே தள்ளுவது அம்மாவின் திட்டம். விசிறி இறக்கைகூடத் தகரத்தில் வெட்டி வைத்திருந்தார். “லைட்டு முடிஞ்சிது, அடுத்தது அடுப்பு” என்று சொல்லிக்கொண்டே இருமுவார்.

அந்தச் சின்ன மோட்டாரைத்தான் பீலிக்குக் கொண்டுபோனார். பாஸ் வந்து ஏதோ வேலை செய்து அதை ஓடவைத்தார். லைட் முன்பைவிட மங்கல். “புள்ளைக்குப் பரீட்ச இருக்கு, அடுப்ப அப்பறம் பாத்துக்கலாம்” என்றார் அம்மா. அப்புறம் பசுவுக்கு நோய் வந்தது, அப்புறம் அப்பா போய்ச் சேர்ந்தார், அப்புறம் என்பதற்கு ஒரு முடிவே இல்லை. விசிறி வரவே இல்லை. அந்தப் பரீட்சையில் நான் தேறவும் இல்லை.

பல வருடம் கழித்து, கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அம்மா சிகரெட் குடிப்பாங்களா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம், தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான் என்று அவரே பிறகு சொன்னார். நிறையப் பேருக்கு என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மற்றவர்கள் கட்டிலுக்கு அடியில் மோட்டார் இருக்கவில்லை.

இப்போது அந்த லயத்தில் வீட்டுக்கு வீடு மீட்டர். போன வருடம் போய்ப் பார்த்தேன். பீலித் தண்ணீரைக் குழாயில் அடைத்துத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சக்கரம் இருந்த இடத்தில் ஒரு ஆணிகூட இல்லை. செல்லம்மாக்கா இறந்துவிட்டார். யார் எந்த நேரம் லைட்டை அணைத்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சிலிண்டரின் முள் சிவப்புக்குள் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் வழியில் மண்சரிந்து நிற்பதாகச் சொன்னார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். நாலு மணிக்கு, யார் எங்கே எதைச் சரிசெய்தார்களோ, பெட்டி தானாகப் புஸ் என்றது. தலைக்கு மேலிருந்த டியூப் லைட்டும் பளீரென்று எரிந்தது. குழாயை மாற்றினேன். அம்மாவின் உதட்டு நீலம் மெல்ல மெல்லக் குறைந்தது. கண்ணை இடுக்கினார். வெளிச்சம் நேராக முகத்தில். நான் சுவிட்சில் கை வைத்தேன்.

“அணைக்காத.”

“கண்ணு கூசுதேம்மா.”

“தொப்பி போடு.”

டியூப் லைட்டுக்கு எந்தத் தொப்பியைப் போடுவது? பால்மாவும் இப்போது பையில்தான் வருகிறது. இந்த வீட்டில் கவிழ்க்க ஒரு டின் இல்லை. சுவிட்சில் வைத்த கையோடு நின்றேன், அன்றைக்குக் கதிரை மேல் நின்ற மாதிரி.

“எட்டு வூட்லயும் எரியுதா?” என்றார் அம்மா.

ஜன்னலால் பார்த்தேன். மாஸ்டர் வீட்டில் எரிந்தது. அதற்கு அப்பால் மலைச்சரிவில் நிறைய வெளிச்சம், யார் யார் வீடென்று எனக்குத் தெரியாது.

“எரியுதும்மா. எட்டுலயும் எரியுது.”

கையைச் சுவிட்சிலிருந்து எடுத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் குவித்து அவர் கண்களுக்கு மேலே பிடித்தேன். விரலில் தேங்காய்த் துருவல் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது.