வெண்கட்டிப் பகிடி

பழைய மாணவர் சங்கம் நினைவு மலர் போடுகிறதாம். எங்கள் கணக்கு மாஸ்டரைப் பற்றி நாலு வரி எழுதித் தரச்சொல்லிக் கேட்டவர்கள், அட்டைப்படத்தையும் கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்ததும் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். மாஸ்டர் அன்று கரும்பலகையில் கீறிய அதே படத்தை யாரோ ஞாபகத்திலிருந்து கீறி வர்ணமும் பூசியிருந்தார்கள்.

நிறவெண்கட்டியின் மணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் அது கடற்காற்றில் நமுத்து, சுண்ணாம்பும் உப்புமாக மணக்கும். மாஸ்டர் அதை யாழ்ப்பாணத்தில் தன் காசில் வாங்கி வருவார். பூச்சியத்துக்குக் கீழே போகும் மறை எண்ணுக்குக் கிணற்றுக்குள் விழுந்த ஊர் விதானையார், பின்னத்துக்குப் பனம்பழப் பனாட்டுத் துண்டுக்காகச் சண்டைபிடிக்கும் சம்பந்திகள் என்று கீறித் தள்ளுவார். கணக்கில் நான் படுமக்கு. என் மண்டைக்குள்ளேயே பின்னத்தை ஏற்றிய மனிதர் கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை.

விகிதத்துக்கு அவர் எடுத்தது, கரையில் மீன் பங்கு பிரிக்கும் வழக்கத்தை. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, தொழிலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. வாயைப் பிளந்து மீன் விழுங்கும் வள்ளம் வந்தது. தொந்தி வைத்த வலை வந்தது. கடைசியாக, இப்போது மலரின் அட்டையில் இருக்கிற அதே ஆள்: சாராயப் போத்தலோடு ஒரு பக்கம் சரிந்து நடக்கும் மீனவர். அந்தச் சரிவைக் கண்டதும் கரையில் அப்படி நடப்பவர் யாரென்று எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான்.

அந்த மீனவருடைய மகள் பிலோமினா எங்களோடுதான் இருந்தாள். கரையிலிருந்து அந்த வகுப்புவரை வந்த ஒரே பெண்பிள்ளை. கணக்கில் சித்தியடைந்தால் தாதிப் பயிற்சிக்குப் போகலாம் என்று வீடே காத்திருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அப்பா குடிக்கிறேல்லை சேர். அது திருக்கை முள்ளுக் குத்தின கால். படத்தை அழியுங்கோ."

"பகிடிக்குத்தானே பிள்ளை. கணக்கு விளங்கினால் சரி, இரும்."

அவர் அழிக்கவில்லை. மறுநாள் பிலோமினா வரவில்லை, கூப்பிட்டு வரவும் ஒருவரும் போகவில்லை. சோதனையும் எடுக்கவில்லை. சில வருடங்கள் கழித்து, குறிகட்டுவான் துறையில் லோஞ்சுக்குக் காத்து நின்றபோது அவளைக் கண்டேன். கருவாட்டுக் கடகத்தோடு நின்றவள் என்னைத் தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பகிடியாம். ஒரு மனிதரின் கால்நோவைக் காட்டி விகிதம் படிப்பித்ததை நினைக்க அருவருப்பாக இருக்கிறது. அதைவிட அருவருப்பு, விகிதம் என்றால் இன்றும் என் மனதில் அந்தப் படம்தான் வந்து நிற்கிறது.

கேட்டபடி நாலு வரி எழுதினேன். நாலும் திருக்கை முள்ளைப் பற்றித்தான். மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் வந்தார்.

"பகிடியைப் பகிடியா எடுங்கோ அண்ணை. இதெல்லாம் மலரில போட ஏலாது."

அந்தக் கரையில் இப்போது வள்ளங்கள் இல்லை, மீன்வாடிகள் இல்லை. அங்கிருந்த சனம் இடம்பெயர்ந்து எங்கெங்கோ போய்விட்டது. அந்த மனிதர் ஒரு நாளும் குடித்ததில்லை என்று சொல்ல அங்கே இனி ஒரு வீடும் இல்லை.