கேஷானியின் கழுத்தும் அப்பனின் வாயும்

ரப்பர் பால் வெட்டும் சுதாகரனுக்கு எதற்கும் பழிபோட ஓர் ஆள் வேண்டும். வாளி கவிழ்ந்தால் மரத்தின் வேர். வெட்டு ஆழமாக இறங்கினால் கத்தி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழிக்குக் கை கால் முளைத்துத் தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடமாடியது.

மகள் கேஷானி பிறந்து மூன்றாம் மாதம். தலை எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து, முகம் இடப்பக்கம் திரும்பியே கிடந்தது. நிமிர்த்தினால் வீரிட்டாள். இதற்கும் ஆள் அகப்பட்டாள்: மனைவி ஷாமிளா.

"குளிப்பாட்டுறேன்னு கழுத்த முறுக்கிப்புட்டியே, பாவி!" என்று லயத்து வீட்டு வரிசையே கேட்க ஏசினான். அதன்பிறகு அவள் பிள்ளையைக் குளிப்பாட்டவில்லை. அவன் அக்காதான் வந்து தண்ணீர் ஊற்றினாள்.

பிள்ளையை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, தசைப் பயிற்சி கொடுக்கும் மிஸ் சிங்களத்தில் விளக்கினார். மஸ்கெலியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஷாமிளாவுக்குச் சிங்களம் அரைகுறை. சுதாகரன்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் தொடங்கி, கழுத்தில் சரிவாக இறங்கி, நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் பிடித்திருக்கும் தசை அது. வலப்பக்கத்துத் தசை இழுத்தால் தலை வலத்தோளுக்குச் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். அவனையே இடப்பக்கம் திரும்பச் சொல்லி, வலக்கழுத்தில் கயிறுபோலப் புடைத்ததைத் தொட்டுப் பார்க்கவைத்தார். கேஷானிக்கு அது இறுகிக் குட்டையாகிவிட்டது. ஒருவர் தோளை அழுத்திப் பிடிக்க, மற்றவர் தலையை மெல்ல எதிர்ப்பக்கம் சாய்க்கவேண்டும். தினமும் செய்யாவிட்டால் ஒப்பரேஷன்தான், முகமும் கோணிப்போகும்.

கடைசியாக மிஸ், "அம்மகே வரதக் நெமெய்" என்றார். தாயின் பிழையில்லை, வயிற்றிலோ பிரசவத்திலோ வருவது, அவளிடம் சொல்லு என்றார். அதை மட்டும் அவன் விழுங்கிவிட்டான்.

வீட்டில் ஷாமிளா பிள்ளையின் தலையைத் தொட மறுத்தாள். "எனக்கு வேணாங்க. நீங்களே பாருங்க." தனியாக அவன் சாய்த்தால் தோளும் கூடவே எழும்பியது. பிள்ளை அவனைக் கண்டாலே உதட்டைப் பிதுக்கினாள். தன் வாய்தான் மகளைக் கோணலாக்கப்போகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஒரு மாலை அவளருகில் குந்தி மெதுவாகச் சொன்னான். "ஒன் மேல பிழையில்லன்னு அன்னைக்கே மிஸ் சொன்னாங்க. நான்தான் மறைச்சிட்டேன்."

"அந்தளவு சிங்களம் எனக்கும் வெளங்கும்," என்றாள் ஷாமிளா. "நீங்க சொல்லலியேங்க. ஏசுனது லயத்துக்கே கேட்டிச்சு. இது எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா? நாளைக்கு எதுவும் ஆனா, மறுபடி என் கையத்தானே சொல்வாங்க?"

சுதாகரன் எழுந்து வாசலுக்குப் போனான். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள், அக்காவும் நின்றாள்.

"புள்ள கழுத்துக்கு ஷாமிளா காரணமில்ல. நான்தான் வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்," என்று உரக்கச் சொன்னான்.

திரும்பி வந்தபோது கேஷானி பாயில் மல்லாந்து கிடந்தாள். ஷாமிளாவின் இரண்டு கைகளும் பிள்ளையின் தலையைத் தாங்கியிருந்தன.

"தோளப் புடிங்க," என்றாள்.