கோபுரத்திலிருந்து தெரிந்த தென்னை

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று முள்ளியவளையில் தொலைபேசிக் கோபுரம் நிற்பது என் அரிசி ஆலைக் காணியில்தான். அதில் புது அலைபரப்பிப் பெட்டி பூட்ட ஒரு மெலிந்த மனிதர் வந்தார். கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கும். அதைச் சட்டை நுனியால் துடைத்தபடியே இருப்பார்.

“இது பலமான பெட்டி, ஐயா. இதின்ர அலை மழையையும் ஊடறுத்துப் போகும். ஆனால் மரம் மறிச்சால் போகாது. எதிர்க் கோபுரத்தைக் கண்ணால காணவேணும்,” என்றார்.

வேலை முடிந்தும் அவர் கோபுரத்திலிருந்து இறங்கவில்லை. கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தேத்தண்ணி ஆறுது! மேல நிண்டு பொம்பிளை பாக்கிறீரோ?” என்று கத்தினேன்.

இறங்கி வந்தார். “கடற்கரையில நிக்கிற அந்த எதிர்க் கோபுரத்துக்குப் பக்கத்திலதான் எங்கட வீட்டு வளவு, ஐயா. காணி இன்னும் ஆமியிட்ட இருந்து விடுபடேல்லை. ரோட்டில நிண்டால் முகாம் வேலிதான் தெரியும். அதுதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினனான்.”

“ஏதும் தெரிஞ்சுதோ?”

“ஓம். நான் வைச்ச தென்னம்பிள்ளை காய்ச்சிருக்கு.”

நான் தேத்தண்ணியை நீட்டினேன்.

இப்போது அடைமழையிலும் கனடாவிலிருக்கிற மகளின் முகம் போனில் தெளிவாகத் தெரிகிறது. அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தேங்காயை ஆர் பறிக்கினமோ என்று எனக்குள் ஓடும்.